தனி ஆராதனை என்னும் சமாதானம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் இருபது ஆண்டுகளாக இங்கிலாந்தில் வசிக்கிறேன். எங்கள் சபையில் பெரும்பாலோர் உள்ளூர் வெள்ளையர்கள். கடந்த இரண்டு ஆண்டுகளாக, அடைக்கலம் கோரி வந்த ஈரானியரும் எரித்திரியரும் சிலர் ஆராதனைக்கு வருகிறார்கள். மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. மனத்தாங்கல் வளராமலிருக்க, புதியவர்களுக்கு ஞாயிறு மதியம் தனி ஆராதனை வைக்கலாம் என்று மூப்பர்கள் யோசிக்கிறார்கள். யாரையும் வெறுத்து இதைச் செய்யவில்லை, பலவீனரைத் தாங்கும்படி வேதமே சொல்கிறது என்கிறார்கள். குடியேற்றம் அரசியல், சபைக்கு அதில் வேலையில்லை என்றும் ஒரு வாதம் எழுகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை; ஆனால் தவறு எங்கே இருக்கிறது என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

வாசகர், பர்மிங்ஹாம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூப்பர்கள் சொல்லும் காரணம், ஏறத்தாழ அதே சொற்களில், தென்னாப்பிரிக்காவில் ஒரு சபையின் தீர்மானமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதன் பின்விளைவுகளும் நமக்குத் தெரியும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கேப் காலனியின் டச்சு சீர்திருத்தச் சபையில், நிறம் வேறான விசுவாசிகளுக்குத் திருவிருந்தைத் தனியாகக் கொடுக்கலாமா என்ற கேள்வி 1829இல் சினாடுக்கு, அதாவது சபையின் பொதுப் பேரவைக்கு, வந்தது. நிறமோ பிறப்போ பாராமல் எல்லோருக்கும் ஒன்றாகவே கொடுக்க வேண்டும் என்பதே அன்றைய முடிவு. ஆனால் வெள்ளை விவசாயிகளின் முணுமுணுப்பு ஓயவில்லை. தங்களுக்குத் தனியே திருவிருந்து வேண்டும் என்று அவர்களில் சிலர் விண்ணப்பித்தார்கள். 1857இல் கூடிய சினாடு ஒரு நடுவழியைக் கண்டது. புறஜாதியாரிலிருந்து வந்தவர்களை இருக்கும் சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் வேதத்துக்கு ஒத்தது, விரும்பத்தக்கது என்று முதலில் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு, சிலருடைய பலவீனத்தின் நிமித்தம் அது கிறிஸ்துவின் ஊழியத்துக்குத் தடையாகும் இடங்களில், அவர்கள் தனிக் கட்டடத்தில் ஆராதிக்கலாம் என்று அனுமதித்தது.

அந்தத் தீர்மானத்தில் வெறுப்பின் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். சரியானது எது என்று அறிந்து, அறிக்கையிட்டு, அதற்கு ஒரு விலக்கு மட்டுமே கொடுத்தார்கள். அந்த விலக்கே சில ஆண்டுகளில் வழக்கமாயிற்று. 1881இல் கலப்பின மக்களுக்கென்று தனி மிஷன் சபையே அமைக்கப்பட்டது. 1948இல் நிறப்பாகுபாட்டை அரசின் கொள்கையாக்கிய தேசியக் கட்சியின் தலைவர் மலான் அரசியலுக்கு வருமுன் அதே சபையில் போதகராக இருந்தவர். ஆலயத்துக்குள் பழகியிருந்த பிரிவினைக்கு நாட்டில் சட்ட வடிவம் கொடுப்பது அவருக்குக் கடினமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அரசியலில் தலையிடாத சபை ஒன்று அரசியலுக்கு முன்மாதிரி வகுத்துக் கொடுத்தது. உங்களிடம் சொல்லப்படும் இரண்டாவது வாதத்துக்கு இதைவிட வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

'விசுவாசத்தில் பலவீனமுள்ளவனை'ச் சேர்த்துக்கொள்ளும்படி ரோமர் 14 சொல்வது உண்மைதான். அங்கே பேச்சு காய்கறி உண்பதையும் நாள் பார்ப்பதையும் பற்றியது. சக விசுவாசியோடு அமர மாட்டேன் என்பதைப் பவுல் பலவீனமாகக் கருதியதே இல்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுவந்து, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகியபோது, பவுல் அவரை எல்லோர் முன்பாகவும் எதிர்த்ததைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் படிக்கிறோம். பேதுருவுக்கும் அன்று நோக்கம் சமாதானமாகவே இருந்திருக்கலாம். மேலும், 1857இல் பலவீனர் என்று தாங்கப்பட்டவர்கள் நிலமும் அதிகாரமும் உடையவர்கள். வெளியே அனுப்பப்பட்டவர்கள் அவர்களுடைய பண்ணைகளில் உழைத்தவர்கள். உங்கள் சபையில் பலவீனர் என்ற சொல் யாருக்குப் பொருந்துகிறது என்று நீங்களே பாருங்கள்.

தவறை உள்ளிருந்தே மறுத்தவர்களும் இருந்தார்கள். பேயர்ஸ் நௌடே அந்தச் சபையின் மதிப்புமிக்க போதகர். டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானரின் இரகசிய அமைப்பான புரூடர்பாண்டின் உறுப்பினர். ஷார்ப்வில்லில் 1960 மார்ச் 21 அன்று, போராடத் திரண்ட கறுப்பின மக்கள்மீது போலீஸ் சுட்டு 69 பேர் இறந்த பிறகு அவரால் பழையபடி இருக்க முடியவில்லை. அந்த டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கின் காட்டஸ்லோவில் கூடிய சபைகள், நிறத்தைக் காரணம் காட்டி யாரையும் எந்தச் சபையிலிருந்தும் விலக்க முடியாது என்று அறிக்கையிட்டன. பிரதமரின் சினத்துக்குப் பின் நௌடேயின் சபை அந்த அறிக்கையைக் கைவிட்டது, அவர் கைவிடவில்லை. 1963இல் பிரசங்கபீடத்தை இழந்தார். 1977 முதல் 1984 வரை பேச்சையும் நடமாட்டத்தையும் ஒடுக்கும் அரசின் தடையாணையின்கீழ் வாழ்ந்தார். பிரித்து வைக்கப்பட்ட மிஷன் சபையோ 1982இல் எழுதி 1986இல் ஏற்றுக்கொண்ட பெல்ஹார் அறிக்கையில், கடவுள் ஏழைகளின் பக்கமும் அநீதி இழைக்கப்பட்டவர்களின் பக்கமும் நிற்கிறார் என்று விசுவாசப் பிரமாணமாகவே சொன்னது.

நிறப்பாகுபாட்டுச் சட்டங்கள் போன பிறகும் அந்நாட்டில் அந்நியர்மீதான பகை வேறு வடிவில் எழுந்தது. 2008 மே மாதத்தில் குடியேறிகள்மீது நடந்த தாக்குதல்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அப்போது ஜோகன்னஸ்பர்க் மத்திய மெதடிஸ்ட் ஆலயம், ஆயர் பால் வெர்ரினின் பொறுப்பில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உறங்க இடம் கொடுத்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்கள். படிக்கட்டுகளிலும் நடைகளிலும் மக்கள் படுத்திருந்தார்கள். நெரிசலும் சுகாதாரக் கேடும் உண்மையானவை; சபையாரே குறைப்பட்டுக்கொண்டார்கள். வரவேற்பது எளிதென்று உங்களிடம் நான் சொல்லப் போவதில்லை.

நமக்கும் இது புதிதல்ல. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே விட வேண்டும் என்று எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் விலகிப்போனார்கள். உங்கள் சபையிலும் சிலர் விலகக்கூடும். அந்த இழப்பு வலிக்கும்.

மொழிக்காகக் கூடுவது வேறு. பாரசீக மொழியில் பாடி ஜெபிக்க ஈரானியர்களே விரும்பிக் கேட்டால், அதற்கு ஒரு மதியவேளையை மகிழ்ச்சியோடு கொடுக்கலாம். தமிழர் பலர் அந்நிய நாடுகளில் அப்படித்தான் கூடுகிறோம். ஆகவே அடுத்த கூட்டத்தில் முதலில் இதைக் கேளுங்கள்: மதிய ஆராதனை வேண்டும் என்று கேட்டவர் யார்? புதியவர்களில் ஒருவரிடமாவது இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்களா? இல்லையென்றால், அவர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கும்வரை முடிவெடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். மதிய ஆராதனை அமைந்தாலும் அமையாவிட்டாலும், திருவிருந்து எல்லோருக்கும் ஒரே வேளையில், ஒரே பந்தியில் நடக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.