புதிதாக மென்பொருள் வேலைக்குச் சேருபவர் முதலில் எதைக் கற்க வேண்டும்?

ஜாவாவா, பைத்தானா என்பதை விடுங்கள், அது போகப் போகக் கைவந்துவிடும். பேக்கப் (தரவின் காப்பு நகல்) எடுப்பதோடு நிற்காமல், அதை ரீஸ்டோர் செய்து, அதாவது அந்த நகலிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் பழக்கம்தான் முதலில் வேண்டும்.

2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் கோப்புகளை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, தினசரி பேக்கப் இருக்குமே என்று தேடினால் அது இல்லவே இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.6 பதிப்புக்கு, பழைய 9.2 பதிப்பின் பேக்கப் கருவி ஓடி, பிழையாகி நின்றிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன்பு, வேறு வேலைக்காக எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். விரிவான அறிக்கையும் வந்தது. ஆள் மேல் பழி போடாமல் நடைமுறையில் எங்கே ஓட்டை என்று பார்த்தது. இப்படி எழுதத் தெரிந்தவர்களோடு வேலை பார்ப்பதும் ஒரு கொடுப்பினைதான்.

அடுத்த நேர்காணலில், "கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள்?" என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். சம்பளத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.