வளைகுடாவில் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தினர் ரமலானில் அடிக்கடி உணவு அனுப்புகிறார்கள். சைவ உணவு உண்ணும் நாங்கள் பதிலுக்கு என்ன செய்வது?

நீங்கள் அண்மையில்தான் ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊரில் இருந்திருந்தால் இதை அம்மாவிடமோ மாமியாரிடமோ கேட்டிருப்பீர்கள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அவர்கள் ஒரே வரியில் முடித்திருப்பார்கள். ஆனால் உங்களை உறுத்துவது பாத்திரம் மட்டுமன்று. அவர்கள் தருவதில் எதை நாம் உண்ணலாம், நாம் தருவதை அவர்கள் விரும்புவார்களா என்ற தயக்கமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அதே தயக்கத்துடன் ஷார்ஜாவின் அல் நஹ்தா பகுதியில் குடியேறியவள் நான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் வந்தது 2016ஆம் ஆண்டில். அவ்வாண்டு ரமலான் ஜூன் மாதத்தில் வந்ததால், அமீரகத்தில் ஒவ்வொரு நாள் நோன்பும் ஏறத்தாழ 15 மணி நேரம் நீண்டது. எதிர் வீட்டில் கீழக்கரையைச் சேர்ந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த அம்மையாரை நாங்கள் லாத்தா என்றே அழைத்தோம். நாங்கள் சைவம் என்பதை அவர் எப்போதோ பேச்சுவாக்கில் கேட்டு வைத்திருக்கிறார். நோன்பு தொடங்கிய சில நாள்களில் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி அனுப்பிவிட்டு, “கைமா போடுறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தனியா எடுத்து வச்சிட்டேன், பயப்படாம சாப்பிடுங்கம்மா” என்று சொன்னார். கைமா என்பது கொத்திய இறைச்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து குழைந்த அந்தக் கஞ்சியின் சுவையைவிட, விடியலிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுப்பருகே நின்ற ஒருவர் எங்கள் வீட்டு வழக்கத்தை நினைவில் வைத்துப் பாத்திரத்தைப் பிரித்தாரே, அதுதான் என்னை அசைத்தது.

எனவே முதலில் நீங்கள் செய்ய வேண்டியது, எதை உண்பீர்கள், எதை உண்ண மாட்டீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்வது. வாங்கி வைத்துக்கொண்டு யாரும் பார்க்காதபோது குப்பையில் கொட்டுவதுதான் அவமதிப்பு. முன்பே சொல்வது அவமதிப்பாகாது. சைவத்திலேயே அவர்களிடம் எத்தனையோ உண்டு. இளநீரோ பாலோ சேர்த்துச் செய்யும் கடற்பாசி, ஜெலட்டினைப் போல விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவதன்று, கடலில் வளரும் பாசியிலிருந்து வருவது. எங்கள் தளத்தில் இருந்த பாகிஸ்தானியக் குடும்பம் வெங்காயப் பக்கோடாவும் பழக்கலவையும் அனுப்பும்.

பதிலுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஆட்டின் குளம்பே ஆனாலும் அண்டை வீட்டுக்காரி தரும் அன்பளிப்பை அற்பமாகக் கருத வேண்டாம் என்று நபிகள் பெண்களுக்குச் சொன்னதாக ஒரு நபிமொழி உண்டு. நான் சுண்டலைக் கொண்டுபோய்க் கூச்சத்துடன் நின்றபோது லாத்தாதான் அதைச் சொன்னார். சுண்டல், மோர், நறுக்கிய பழங்கள், நன்னாரி சர்பத், பருப்பு வடை ஆகியவை போதும். கொடுக்கும் நேரம்தான் முக்கியம். சூரியன் மறைந்ததும் நோன்பு திறக்க ஒலிக்கும் மக்ரிப் பாங்குக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். நோன்பு திறந்ததும் தொழுகை, பிறகு இஷா என்னும் இரவுத் தொழுகை, அதன் பின் ரமலானுக்கே உரிய தராவீஹ் தொழுகை என்று அவர்களுடைய மாலை நிரம்பிவிடும். அப்போது கதவைத் தட்டுவது சங்கடம். இங்கே அமீரகத்தில் ரமலானில் தனியார் நிறுவனங்களிலும் எல்லா மதத்தவருக்கும் வேலை நேரம் நாளொன்றுக்கு 2 மணி நேரம் குறைக்கப்படுவதால், வேலைக்குச் செல்பவருக்கும் மாலையில் அடுப்பு மூட்ட நேரம் கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022இல் தமிழ்ப் புத்தாண்டு ரமலானுக்குள் வந்தது. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் எல்லாவற்றிலும் எதிர் வீட்டுக்கு உரிய பங்கைச் சாமிக்குப் படைக்கும் முன்பே எடுத்து வைத்துவிட்டேன். படைத்த உணவை உண்பதில்லை என்பது அவர்கள் நெறி; அதற்கு இடம் கொடுப்பது நம் பக்திக்குக் குறைவன்று. இதை எழுதினால், “அவர்களுக்காக நீங்கள் ஏன் வளைய வேண்டும்?” என்று சிலர் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும், உறவினர்களே கேட்டிருக்கிறார்கள். கைமா போடும் முன் எங்களுக்கென்று கஞ்சியை எடுத்து வைத்தவருக்கு நான் செய்யும் அதே மரியாதைதான் இது. வளைகுடா முழுவதும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கதவு திறக்காத வீடுகளும் எங்கள் கட்டடத்தில் இருந்தன.

ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம் ஒன்று தொழிலாளர்களுக்கு இஃப்தார், அதாவது நோன்பு திறக்கும் உணவுப் பொட்டலம் வழங்கியது. வெயிலில் உழைத்து வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, பொட்டலத்தை நெஞ்சருகே பிடிக்கச் சொல்லி, பாங்கு ஒலித்த பின்பும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர்களின் முகத்தைப் பார்த்தவர் எவரும் அதைப் பகிர்தல் என்று சொல்ல மாட்டார். உங்களுக்கு வரும் தட்டையும் படம் எடுத்து எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிப் பத்து நாள்களில் அவர்கள் இரவு வணக்கங்களில் மூழ்கியிருப்பார்கள். அப்போது பாத்திரம் வரவில்லை என்றால் மனத்தாங்கல் என்று எண்ணாதீர்கள். முடிந்தால் அந்நாள்களில் நீங்கள் அனுப்புங்கள். பெருநாளன்று பிரியாணியுடன் வட்டிலப்பம் என்ற இனிப்பும் வரக்கூடும். அதில் முட்டை நிறையச் சேரும். முட்டையும் உண்ணாதவர்கள் என்றால், அதை முன்தினமே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.