புதிய படைக்குப் பண்பாடு எங்கிருந்து வரும்? கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க விண்வெளிப் படை 2019 டிசம்பர் 20 அன்று உருவானது. ஆட்களில் பெரும்பாலோர் விமானப்படையிலிருந்து வந்தவர்கள். பெயரை மாற்றினால் மனசு மாறிவிடுமா?

பதில்: மாறாது. ஆனாலும் பெயர் வேண்டும். அந்தப் படையினரை எப்படி அழைப்பது என்பதே ஒரு வருஷம் கழித்துத்தான் முடிவானது. 2020 டிசம்பரில் 'கார்டியன்' (காவலர்) என்று வைத்தார்கள். "நீ யார்?" என்று கேட்டால் சொல்ல ஒரு சொல் இல்லாதவனுக்குப் படைமேல் ஒட்டுதல் வருவது கஷ்டம்.

கேள்வி: சீருடைக்கு இவ்வளவு விவாதம் தேவையா?

பதில்: கனடாவைப் பாருங்கள். 1968-ல் முப்படைகளையும் ஒன்றாக்கி, எல்லோருக்கும் ஒரே பச்சைச் சீருடை கொடுத்தார்கள். கடற்படைக்காரர்களுக்கு அது ஆறாத மனக்குறை. 1980களில் தனித்தனிச் சீருடை திரும்பியது, 'ராயல் கனடியன் நேவி' என்ற பழைய பெயர் 2011-ல்தான் திரும்பியது.

கேள்வி: சரியாகச் செய்தவர்கள் யார்?

பதில்: எனக்குப் பிடித்தது பிரிட்டனின் ராயல் விமானப்படை. 1918 ஏப்ரல் 1 அன்று தரைப்படையின் பறக்கும் பிரிவையும் கடற்படையின் பறக்கும் பிரிவையும் சேர்த்து உருவாக்கியது. முதலில் தரைப்படைப் பதவிப் பெயர்களே ஓடின. 1919 ஆகஸ்டில்தான் 'ஸ்குவாட்ரன் லீடர்', 'விங் கமாண்டர்' எல்லாம் வந்தன. போர் முடிந்ததும் படை சுருங்கியது, கையில் காசு இல்லை. அப்போது தளபதி டிரென்சார்ட் பணத்தைப் பயிற்சியில் போட்டார். 1920-ல் கிரான்வெல்லில் அதிகாரிகளுக்குக் கல்லூரி, அப்புறம் ஹால்டனில் சிறுவயதுப் பையன்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி. வேறு எந்தப் படையின் பழக்கமும் ஒட்டாமல் அங்கே வளர்ந்தவர்கள்தான் பின்னாளில் படையைத் தாங்கினார்கள்.

கேள்வி: அமைப்பை மாற்றினால் பழக்கம் மாறுமா?

பதில்: ஓரளவு. அமெரிக்க விமானப்படையின் ஐந்து கட்டளைப் படிகளை விண்வெளிப் படை மூன்றாக்கியது: மேலே களக் கட்டளை, நடுவில் 'டெல்டா' என்ற பிரிவு, கீழே 'ஸ்குவாட்ரன்' என்ற சிறு பிரிவு. கீழே இருப்பவர் முடிவெடுக்கட்டும் என்பது எண்ணம். ஆனால் மேலதிகாரி எல்லாவற்றுக்கும் "என்னைக் கேட்டுவிட்டுச் செய்" என்றால் மூன்று படியும் ஐந்துதான்.

கேள்வி: பண்பாடு ஊன்றிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பயிற்சி முடிந்த பிறகு நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். இருப்பதிலேயே இளையவர் எழுந்து, "ஐயா, உங்கள் உத்தரவு தாமதமாக வந்தது" என்கிறார் என்று வையுங்கள். அந்த நொடியில் மற்றவர்கள் மேசையைப் பார்க்கிறார்களா, தளபதியைப் பார்க்கிறார்களா? தளபதி பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்கிறாரா? அப்புறம் அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அந்த இளையவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.