உப்புக் காற்றுக்கு ஈடுகொடுக்கும் ஜீன்ஸ்

கேள்வி: ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். 1,400 ரூபாய்க்கு வாங்கிய ஜீன்ஸில் நான்கே மாதத்தில் பட்டனைச் சுற்றித் துருக்கறை படிந்துவிட்டது. துவைக்கத் துவைக்க வலது கால் முன்பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. அடுத்த முறை கடையிலேயே தரத்தைக் கண்டுகொள்வது எப்படி?

பதில்: துரு, ஜீன்ஸ் கம்பெனிக்குப் பட்டன் வாங்கியவர் பார்த்த சிக்கனத்தால் வந்தது, முறுக்கல், துணியைப் பதப்படுத்தியவரோ வெட்டியவரோ பார்த்த சிக்கனத்தால் வந்தது. இரண்டையும் விலைச்சீட்டு காட்டாது, ஜீன்ஸின் உட்புறம் காட்டிவிடும்.

முதலில் உலோகம். பாம்பனின் 1914ஆம் ஆண்டு ரயில் பாலத்தையே அரித்துத் தின்ற காற்றில் முலாம் பூசிய இரும்புப் பட்டன் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பித்தளை முலாமில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும், உள்ளே இறங்கும் உப்பீரம் முலாமை விட்டுவிட்டு அடியிலுள்ள இரும்பையே அரிக்கும். செம்புக் கலவையும் இரும்பும் உப்புநீரில் ஒட்டியிருந்தால் இரும்புதான் முதலில் கரையும் என்பதைப் படகு வேலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே பழைய ஸ்பீக்கர் காந்தத் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். அது ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு. பட்டனின் முகத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. அதைத் துணியோடு பிணைக்கும் பின்பக்க ஆணி, வியர்வை படும் இடத்தில் இருப்பதால், அங்கேதான் துரு பெரும்பாலும் தொடங்கும். பைகளின் மூலையில் உள்ள ரிவெட்டுகளையும் ஜிப் ரன்னரையும் அதேபோல் சோதியுங்கள். 1873இல் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை பெற்ற அந்த ரிவெட், பை கிழியாமல் காக்க வந்தது. இன்றோ பல ஜீன்ஸ்களில் வெறும் அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது முறுக்கல். டெனிம் சாய்வரி நெசவு. நீளவாக்கில் ஓடும் நீலப் பாவு நூல், குறுக்கே ஓடும் மூன்று வெள்ளை ஊடை நூல்களுக்கு மேலாகச் சென்று ஒன்றுக்கு அடியில் புகுவதால், துணி நனைந்து தளரும்போது ஒரு பக்கமாகச் சாய முனையும். நல்ல ஆலைகள் இதை எதிர்பார்த்துத் துணியை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்த்துப் பதப்படுத்துகின்றன. அதைத் தவிர்த்தாலோ, துணி மிச்சப்படுத்த வெட்டுவதற்கான மாதிரி அச்சைக் கோணலாக வைத்து வெட்டினாலோ, கால் சுழலத்தான் செய்யும். அதைப் பிரித்துத் தைத்தும் நேராக்க முடியாது. இடுப்புப் பட்டியைப் பிடித்துத் தொங்கவிட்டு, வெளித்தையல் விலகாமல் கால் மடிப்பு வரை நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். துவைக்காத புதுத்துணி இந்தச் சோதனையில் ஏமாற்றிவிடும் என்பதால், ஆலையிலேயே துவைத்து வந்ததை வாங்குவது உங்களுக்கு நல்லது.

பிறகு உட்புறத்தைத் திருப்புங்கள். தொடைகளுக்கு இடையே ஓடும் தையல், விளிம்புகள் ஒன்றையொன்று கவ்வி மடிந்து இரட்டை வரிசையாக இருந்தால் அது உழைக்கும். விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மட்டும் போட்டிருந்தால், குந்தி எழும் உங்கள் வேலைக்கு முதலில் பிரிவது அதுதான். பெல்ட் வளையங்களிலும் ஜிப்பின் அடியிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நெருக்கமாகப் போடும் பார்டாக் தையல் இருக்க வேண்டும். துணியின் எடை சதுர கெஜத்துக்கு 10 அல்லது 11 அவுன்ஸ் போதும். 14 அவுன்ஸ் துணி நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தண்டனை.

இப்போதுள்ள கறைக்கு, எலுமிச்சைச் சாற்றில் உப்புக் கலந்து தடவி, சற்று நேரம் வெயிலில் வைத்து, கிணற்று உவர்நீரில் அல்லாமல் நல்ல தண்ணீரில் அலசுங்கள். முன்னதாகப் பையின் உட்பக்கத்தில் ஒரு துளி விட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். அது நீலத்தைத் தின்னும், துருவை இன்னும் அழுத்தமாகப் பதியவைக்கும். பட்டனை மாற்றக் கொடுக்கும்போது, பழையதைப் பிடுங்கித் துணியைக் கிழித்துவிடாமல், பின்பக்க ஆணியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி எடுக்கச் சொல்லுங்கள். தையல் கடையில் இல்லாவிட்டாலும் அந்தக் கருவி உங்கள் பெட்டியில் இருக்கும்.