எந்த ஸ்ட்ரீம், எந்தக் கெம்பஸ்? மலையகப் பிள்ளைகள் கேட்டதும் நான் சொன்னதும்

நான் ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பேராதனையில் கலைப்பீடத்தில் படித்துவிட்டு இப்போது ஏ.எல். (உயர்தர) வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். தொழில் வழிகாட்டலும் என் தலையில்தான். ஸ்ட்ரீம் (ஏ.எல். பாடப்பிரிவு), கெம்பஸ் (பல்கலைக்கழகம்) பற்றிய கேள்விகளை அனுப்பச் சொன்னதும் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

லிந்துலையிலிருந்து, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிய ஒரு தம்பி: எனக்கு மேட்ஸ் ஸ்ட்ரீம் செய்ய விருப்பம் டீச்சர். எங்கள் ஸ்கூலில் பௌதிகவியலுக்கு ஆள் இல்லை. மாமா கண்டியில் இருக்கிறார். அங்கே போய்ச் சேரவா?

அவசரப்படாதே. பொறியியல், மருத்துவம் போன்ற பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் முழு இலங்கைக்குமான இசட் புள்ளி (ஏ.எல். பெறுபேற்றை ஒப்பிடக் கணக்கிடும் புள்ளி) வரிசையில் போகும். 55 இடம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரியும். மீதி 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16-இல் இருக்கின்றன, கண்டி இல்லை. உன் மாவட்டம் எது என்று பார்க்கும்போது வீட்டுக்காரர்களின் வாக்கு எங்கே என்று கேட்க மாட்டார்கள். பரீட்சைக்கு முந்திய வருடங்களில் நீ எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாய் என்பதுதான் கணக்கு. ஏ.எல். முழுவதையும் கண்டியில் படித்தால் நீ கண்டிப் பிள்ளையாகி, கண்டியின் வெட்டுப்புள்ளியோடு (அனுமதி கிடைக்கத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி) மல்லுக்கட்ட வேண்டிவரலாம். வெட்டுப்புள்ளி குறைவென்று வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் நுவரெலியாவுக்கு வந்து பதிகிறார்கள் என்று நாம் சத்தம் போடுகிறோம், நீயோ இருப்பதை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாய்! முதலில் ஹற்றனிலோ நுவரெலியா டவுனிலோ விஞ்ஞானப் பிரிவு நடக்கும் தமிழ்ப் பாடசாலைகளில் கேட்டுப் பார். மாவட்டம் மாறாது, பஸ் செலவுதான் கூடும். ஒன்றும் சரிவராவிட்டால் கண்டி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் மாவட்டம் பற்றிய பகுதியை அப்பாவோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு முடிவெடு.

பசறையிலிருந்து ஒரு அப்பா: மகளை டொக்டராக்க வேண்டும். பயோ (உயிரியல்) ஸ்ட்ரீமில் சேர்த்துவிட்டேன். ஆனால் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள்.

ஐயா, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லையே. அவளிடம் ஒரு நாள் பேசுங்கள். பயோ செய்தால் டொக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பதும் சரியில்லை. மிருக வைத்தியம், பல் வைத்தியம், விவசாயம், தாதியர் பட்டம் எல்லாமே பேராதனையில் இருக்கின்றன. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கும் விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி: நான் ஆர்ட்ஸ். வேலை கிடைக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

முழுப்பொய் என்று சொல்லமாட்டேன். பட்டத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் ஒரு சாமான் இருக்கிறது. வீட்டில் தமிழ், டவுன் கடையில் சிங்களம். இங்கிலீஷையும் கொஞ்சம் தீட்டிக்கொண்டால் மொழிபெயர்ப்புக் கற்கை உனக்காகவே வைத்த பாடநெறி மாதிரி. யாழ்ப்பாணத்தில் அது இருக்கிறது. நம் ஆட்களுக்கு வரும் அரசாங்கக் கடிதங்கள் இன்னும் சிங்களத்தில்தானே வருகின்றன? ஒன்றை மட்டும் கவனி. கலைப் பாடநெறிகளில் பெரும்பாலும் மாவட்டக் கணக்கு கிடையாது, முழு இலங்கைக்கும் ஒரே வரிசை. நுவரெலியாப் பிள்ளை என்ற சலுகையை நம்பி இருந்துவிடாதே.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி: எதை வேண்டுமானாலும் படிக்கிறேன் டீச்சர், தேயிலை மட்டும் வேண்டாம்.

எனக்குப் புரிகிறது. என் அம்மாவின் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கொழுந்துக் கறை இருக்கும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. என் ஏ.எல். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது அந்தக் கையைத் துண்டில் மூன்று தரம் துடைத்துவிட்டுத்தான் பேனையை வாங்கினார். அந்தக் கூடைக்குத் திரும்பிப் போ என்று உன்னிடம் நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் தேயிலை என்றால் கூடை மட்டும் இல்லை. 1925-இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இப்போது தலவாக்கலையில் இருக்கிறது. மண், பூச்சி, புதிய செடி வகை எல்லாம் அங்கே ஆராய்ச்சி. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டம் இருக்கிறது, விஞ்ஞானப் பாடம் செய்தவர்கள் போகலாம். ஒரு தடவை தொழிற்சாலையில் தேநீர் சுவைப்பவரைப் பார்த்தேன். வரிசையாகக் கோப்பை. கரண்டியால் அள்ளி ‘ஸ்ஸ்ர்ர்’ என்று உறிஞ்சித் துப்பிவிட்டு, இலை எங்கே கூடுதலாகக் காய்ந்தது என்று சொன்னார். கொழுந்து பறித்த வீட்டிலிருந்து எத்தனை பேர் அந்த மேசைக்குப் போயிருக்கிறோம்? சரி, இவ்வளவுக்குப் பிறகும் வேண்டாமென்றால் வேண்டாம். அது உன் வாழ்க்கை.

பலர் கேட்டது: கெம்பஸில் இங்கிலீஷ் வராவிட்டால்?

முதல் மாதம் அழுவீர்கள். நானும் விடுதியில் அழுதேன். மருத்துவம், பொறியியல் எல்லாம் இங்கிலீஷில்தான். கலைப்பீடத்தில் பல பாடங்களைத் தமிழிலேயே படிக்கலாம். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கும் மாதங்களை இங்கிலீஷுக்குக் கொடுங்கள்.

ராகலை: டெக் (தொழில்நுட்ப) ஸ்ட்ரீம் என்றால் கெட்டிக்காரர் எடுக்காத ஸ்ட்ரீமா?

இல்லை. 2013-இல் தொடங்கியது, அதனால் நம் பெரியவர்களுக்குப் பழக்கமில்லை. அதற்கென்றே தொழில்நுட்பப் பட்டங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது.

கொட்டகலை: டீச்சராக வேண்டும், கெம்பஸ் கிடைக்காது போலிருக்கிறது.

உன் வீட்டுப் பக்கத்திலேயே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. மொத்தம் மூன்று வருடம். இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, கடைசி வருடம் பாடசாலையில் பயிற்சி. அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வரும், கண்ணை அதில் வைத்திரு.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு அக்கா: தம்பியின் இசட் புள்ளி குறைவு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கிடைக்கக்கூடிய பாடநெறியை மேலே போட்டால்தானே நல்லது?

கூடவே கூடாது! விருப்பத்தின் வரிசையில் போடுங்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். ஆசைப்பட்டதை முதலாவதாகப் போட்டதற்காக இரண்டாவதில் உங்களைத் தள்ளிவிட மாட்டார்கள். நல்லதைக் கீழே போடுவதுதான் ஆபத்து. சுமாரானது மேலே இருந்து அது கிடைத்துவிட்டால் கீழே இருக்கும் நல்லதை யாரும் பார்க்கப்போவதில்லை.

என் மாணவி ஒருத்தி டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் (இணையத்தில் விண்ணப்பம் நிரப்பித் தரும் கடை) விண்ணப்பம் போட்டாள். கடைப் பையன் “எல்லாம் நான் பார்த்துக்கறேன் தங்கச்சி” என்று யூனிகோட்களை (பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய குறியீடுகளை) தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டான். அவள் கேட்ட பாடநெறி ஆறாவதாகக் கிடந்தது, கிடைத்தது மூன்றாவது. அந்தப் பையன் கெட்டவன் இல்லை, கூட்டம் நின்றதால் அவசரப்பட்டுவிட்டான். வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அனுப்பு என்பதை அழுத்துமுன் திரையைத் தம்பியே ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். அப்புறம் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.

பெயர் போடாத ஒருவர்: ஏ.எல். மூன்று தடவையும் எழுதிவிட்டேன்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான், அது முடிந்தது. திறந்த பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி தேவையில்லை. ஏ.எல். சித்தியில்லாதவர்களுக்கு அங்கே அடிப்படைப் பாடநெறியும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். கைத்தொழில் பிடிக்குமென்றால் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) வழியில் படிப்படியாக ஏறி, ஏழாவது மட்டத்தில் பட்டமே வாங்கலாம். உங்களுக்கு எது கைவரும் என்று நீங்கள் எழுதவில்லை. அதை எழுதி அனுப்புங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.