மலிவான செமி ஹாலோ கிட்டார்: துளைக்குள் எட்டிப் பாருங்கள்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் சில ஆண்டுகளாக சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். வீட்டில் ப்ளூஸ் பழகுகிறேன். விலை குறைந்த செமி ஹாலோ (உடல் பாதி கூடாக இருக்கும்) எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்க ஆசை. ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) சத்தம் கூடினால் அது ஊளையிடும் என்கிறார்கள். உண்மையா? ஆம்ப் இல்லாமல் அக்கூஸ்டிக் போலவும் வாசிக்கலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். ப்ளூஸுக்கும் பாடகர்களோடு சேர்ந்து வாசிக்கவும் அதன் இதமான நாதம் நன்றாகப் பொருந்தும். அக்கூஸ்டிக்குக்கு மாற்றாக மட்டும் நினைக்க வேண்டாம். ஆம்ப் இல்லாமல் அறைக்குள் பழகுவதற்குக் கேட்கும், அவ்வளவுதான்.

ஊளைச் சத்தம் எப்படி வருகிறது? ஆம்பிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் மேற்பலகையை அதிர வைக்கிறது. பலகை கம்பிகளை அதிர வைக்கிறது. கம்பி அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் அதையே மீண்டும் ஆம்புக்கு அனுப்புகிறது. உள்ளே முழுவதும் கூடாக இருக்கும் கிட்டாருக்கு இந்தத் தொல்லை அதிகம். 1958-இல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-335 கிட்டாரின் நடுவே நீளவாக்கில் மேப்பிள் கட்டை ஒன்றைப் பதித்து, இரு பக்கங்களை மட்டும் கூடாக விட்டது. அந்தக் கட்டைதான் ஊளையைப் பெருமளவு அடக்குகிறது. உங்கள் மேடைக்கு அது போதும். ஆம்புக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அளவோடு வையுங்கள்.

ஆகவே அந்தக் கட்டை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. எஃப் வடிவத் துளை இருந்தாலே செமி ஹாலோ என்று சொல்லி விற்கும் கடைகள் உண்டு. கைபேசி வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். நடுப்பக்கம் சுவர்போல மரம் தெரிய வேண்டும். ஐபனெஸ் நிறுவனத்தின் மாடல்களில் ஏஎஸ்53, ஏஎஸ்73 செமி ஹாலோ. பெயரில் நெருங்கி வரும் ஏஎஃப்55 முழுக் கூடு. எபிஃபோன் நிறுவனத்திலும் அப்படித்தான்: இஎஸ்-335 செமி ஹாலோ, கேசினோ முழுக் கூடு. உங்கள் தேவைக்கு நான் முதலில் ஏஎஸ்73-ஐத்தான் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

அடுத்தது, பலர் கவனிக்காத வயரிங். இந்த வகைக் கிட்டார்கள் பலவற்றில் பின்பக்க மூடியே கிடையாது. வால்யூம் குமிழ் ஒன்று கெட்டால், எல்லா இணைப்புகளையும் எஃப் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நூல் கட்டி உள்ளே இறக்கி, வேலை முடிந்ததும் அந்த நூலைப் பிடித்து இழுத்துத்தான் பழைய இடத்தில் உட்கார வைப்போம். அரை நாள் போய்விடும்; கூலியும் அதற்கேற்ப ஏறும். எனவே கடையிலேயே ஆம்பில் இணைத்து, குமிழ்கள் அத்தனையையும் சுழற்றிக் கேளுங்கள். கரகரப்பு இருந்தாலோ, கேபிள் செருகும் ஜாக் ஆடினாலோ வேறொன்றைக் கேளுங்கள். ஆடும் ஜாக்கின் நட்டை வெளியிலிருந்து அப்படியே முறுக்காதீர்கள்; உள்ளே வயரும் சேர்ந்து முறுக்கி அறுந்துவிடும்.

பட்ஜெட் முழுவதையும் கிட்டாருக்கே செலவழிக்க வேண்டாம். மலிவான கிட்டாரில், கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற துண்டில் வெட்டிய பள்ளங்களும், விரல் பலகையின் உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளின் முனைகளும்தான் பெரும்பாலும் அரைகுறையாக இருக்கும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து நல்ல செட்டப் (வாசிக்க ஏற்றபடி சரிசெய்தல்) செய்தால் அவை சரியாகிவிடும். கிட்டார் உறை வாங்கவும் கொஞ்சம் ஒதுக்குங்கள். இதன் உடல் ஏறக்குறைய 16 அங்குல அகலம் இருப்பதால், உங்களிடம் இப்போதிருக்கும் உறைக்குள் நுழையாது.