பைத்தான் கேட்ட தம்பிக்கு

தம்பி, ஹூஸ்டன் வந்து எட்டு மாதம், எச்1பி வேலை விசா, மனைவி எச்4, நாலு வயதில் பெண் குழந்தை. கோல்ட் (Colt) கம்பெனியின் பைத்தான் ரிவால்வர் வாங்க ஆசை. பழையதா புதியதா, பின்னால் விலை ஏறுமா, அப்படியே நல்ல பள்ளி உள்ள ஏரியாவும் சொல்லுங்கள் அண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். பைத்தானுக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த எச்1பியிலேயே கொஞ்சம் நிற்போம்.

எச்1பியோ, எஃப்1 மாணவர் விசாவோ, பார்வையாளர் விசாவோ, குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. தோட்டா ஒன்றுகூடக் கூடாது. 1998 அக்டோபரில் வந்த ஃபெடரல் சட்டம், நாடு முழுவதற்கும் பொது. டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர் உரிமமே இல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம் என்று ஆபீசில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது அவர்களுக்கு. மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் ஃபெடரல் சட்டம் உங்களை விடாது. வாங்கினால்தானே தப்பு என்றும் நினைக்க வேண்டாம். சுட்டுப் பழகும் ரேஞ்சில் நண்பரின் துப்பாக்கியை வாங்கி ஆறு குண்டு சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும், அந்த ஐந்து நிமிடம் அது உங்கள் கையில் இருந்ததாகத்தான் கணக்கு. 2022இல் தண்டனையையும் ஏற்றிவிட்டார்கள், அதிகபட்சம் 15 ஆண்டு. சிறைக்குப் போகாவிட்டாலும் துப்பாக்கி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானால் போதும், ஊருக்கு அனுப்பிவிடலாம்.

ஒரு விலக்கு உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. உரிமம் இங்கே பெரிய கடைகளின் கவுண்டரிலேயே கிடைக்கும். நம்மாட்கள் பலர் இதை வைத்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் உரிமம் காலாவதியான மறுநாள் விலக்கும் போச்சு. அலமாரியில் இருக்கும் ரிவால்வர் அப்படியேதான் இருக்கும். அதனால் குடியேற்ற வக்கீலிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘நான் வாங்கினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பார். சிவப்பு விளக்கில் போனவனும் அப்படித்தான் சொல்வான்.

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், நானே அதைச் செய்தவன். 1999 பிப்ரவரியில் வந்தேன், கம்ப்யூட்டர்களை 2000ஆம் ஆண்டுக்குத் தயார்செய்யும் ஒய்2கே வேலைக்கு. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர், கார் கிடையாது. பால் வாங்க ஃப்ரீவே ஓரமாக முக்கால் மைல் நடப்போம். லாரிக்காரன் அடிக்கிற ஹாரனில் குலை நடுங்கும். வந்த மூன்றாவது மாதம், டீம் லீட், நல்ல மனுஷன், சனிக்கிழமை எங்களில் நாலு பேரை ரேஞ்சுக்கு அழைத்துப்போனார். அவர் பையிலிருந்து எடுத்ததுதான் நான் பார்த்த முதல் பைத்தான். ஆறு அங்குலக் குழல், அதன் முதுகில் காற்றுத் துளைகள், ஆழக் கிணற்றை எட்டிப்பார்த்தால் தெரியுமே, அப்படி ஒரு நீலக் கறுப்பு. நாலு பேரும் சுட்டோம். சட்டம் வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. போட்டோ வேறு எடுத்துக்கொண்டோம். நல்லவேளை, அது ஃபிலிம் காலம். இப்போது வருகிற பையன்கள் ரேஞ்சை விட்டு வெளியே வருவதற்குள் ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறார்கள். விசா அதிகாரிக்குப் படிக்கத் தெரியாது என்று நினைப்பு.

சரி, பைத்தான். 1955இல் 125 டாலருக்கு வந்தது. .357 மேக்னம் தோட்டா, ஆறு குண்டு. கனெக்டிகட்டில் ஆட்கள் கையால் அரம் போட்டுப் பொருத்தியது. இரும்பைக் கண்ணாடியாகும் வரை தேய்த்துவிட்டுத்தான் நீலம் ஏற்றுவார்கள், அதனால்தான் அந்தப் பளபளப்பு. கூலி கட்டுப்படியாகாமல் 2005இல் அடியோடு நின்றது. பிறகு பிணங்கள் எழுந்து நடக்கிற ஒரு டிவி தொடரில் நாயகன் இடுப்பில் அது தொங்கியதும் விலை எகிறியது. நீங்களும் அதைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2020 ஜனவரியில் அதே பெயரில், எவர்சில்வர் நிறத்தில், 1,499 டாலருக்குத் திரும்ப வந்தது.

உள்ளே இரண்டும் வேறு. பழையதில் ‘வி’ வடிவப் பட்டை ஸ்பிரிங். ட்ரிகரை இழுக்க இழுக்கக் கனம் கூடி, கடைசியில் ஒரு முட்டு முட்டும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு விரல் நடுங்கிவிடும். தோட்டாவை வெடிக்க வைக்கும் ஹேமர் விழும் நேரத்தில், ஆறு தோட்டாவும் இருக்கும் சிலிண்டரை உள்ளிருந்து ஒரு நெம்பு தள்ளிப் பிடித்துக்கொள்ளும், அசைத்தால் இம்மி ஆடாது. அந்த இறுக்கத்துக்குத்தான் அத்தனை பெயர். ஆனால் தள்ளித் தள்ளியே அந்த நெம்பு தேயும். தேய்ந்தால் சிலிண்டர் தன் இடத்துக்கு வந்து பூட்டிக்கொள்வதற்கு முன்பே ஹேமர் விழத் தொடங்கும். ‘டைமிங் போய்விட்டது’ என்பது அதைத்தான்.

புதியதில் 14 பாகங்கள் குறைவு, ஸ்பிரிங் ‘யு’ வடிவம், ட்ரிகர் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக வரும். பின்பக்கக் குறிக்கு அடியில் 30 சதவீதம் கூடுதல் இரும்பு வைத்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. முதலில் வந்தவற்றில் சிலவற்றுக்குச் சிலிண்டர் சுற்றாமல் நின்றது, வீடியோ போட்டுக் கிழித்தார்கள். உள்பாகங்களை மூடும் பக்கத் தகட்டின் திருகு தளர்ந்தது அதற்கு ஒரு காரணம் என்றார்கள். பிறகு சரிசெய்துவிட்டார்கள். சுடுவதற்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு புதியது. .38 ஸ்பெஷல் தோட்டாவும் அதில் போகும். விலையும் குறைவு, உதையும் குறைவு.

பழையதை நான் வாங்கிய கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2009இல் கிரீன் கார்டு வந்து, அந்தத் தடை விலகிய இரண்டாவது வாரமே ஒரு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் விளக்கடியில் காட்டினார், அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு மூளை நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆறில் இரண்டு அறைக்கு டைமிங் இல்லை. விற்ற பொருள் திரும்பாது என்று கையை விரித்துவிட்டார். பழைய கோல்ட்டைத் தொடத் தெரிந்த ஆள் கிடைத்து, அவர் வரிசையில் காத்திருந்து, கைக்கு வர ஏழு மாதம். அதனால் எந்தப் பழைய பைத்தானையும் விற்பவரிடம் கேட்டு, காலியா என்று பார்த்துவிட்டு, சிலிண்டர் மேல் விரலை லேசாக வைத்து அழுத்தி ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் நிற்பதற்கு முன்பே ‘டிக்’ என்று சிலிண்டர் பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு தடவை. சினிமாவில் போல மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடிக் காட்டுகிற ஆளிடம் எதையும் வாங்காதீர்கள், அது சிலிண்டரைத் தாங்கும் கையையே வளைத்துவிடும்.

விலை ஏறுமா என்றால், பழையது இப்போதே 3,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்கிப்போடுவதுபோல இதையும் வாங்கி, உறைகூடப் பிரிக்காமல் வைத்திருக்கிற நம்மவர் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களோடு பேச எனக்கு விஷயமே இல்லை. ஏரியா, பள்ளி எல்லாம் கேட்டி, பேர்லண்ட், ஷுகர்லேண்ட் என்று எங்கு பார்த்தாலும் நம்மவர்கள்தான். பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. என்றைக்காவது ரேஞ்சுக்குப் போகிற நிலை வந்தால், அந்தப் பையை ஊருக்கு எடுத்துப்போகாதீர்கள். தையலுக்குள் ஒரு தோட்டா சிக்கியிருந்தாலும் மீனம்பாக்கத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. நான் ரேஞ்சுக்கென்று தனியாக ஒரு பழைய காய்கறிப் பை வைத்திருக்கிறேன், மனைவி சிரிக்கிறாள்.

எங்கள் அப்பா திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1969இல் சேர்ந்தவர், ஓய்வுபெறும் வரை அரமும் கையுமாக இருந்தவர். 2012இல் இங்கே வந்தபோது அந்தப் பைத்தானைக் காட்ட எனக்கு அவ்வளவு ஆசை. அலமாரியைத் திறந்து எடுத்துவிட்டேன், நீட்டியும் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அப்பா வந்திருப்பது பார்வையாளர் விசாவில். விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருஷம் துப்பாக்கி பொருத்திய மனுஷன், ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மேஜை விளக்கைக் கிட்டே இழுத்து நான் திருப்பித் திருப்பிப் பிடித்தேன், அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். பக்கத் தகடு துப்பாக்கியின் உடலோடு சேருகிற கோட்டில் அவர் கண் நின்றது.

"அந்த இடத்துல நகத்தை வச்சு இழு" என்றார்.

இழுத்தேன்.

"தட்டுதா?"

"இல்லப்பா."

"நல்லா இழுத்துப் பாரு."